யூத வீட்டில் சிறு குழந்தைகளுக்கான அமைதியான அன்றாட ஒழுங்கு: இரவிலிருந்து தொடங்கும் முழுமையான வழிகாட்டி

இந்த வழிகாட்டி 2 முதல் 6 வயது வரையுள்ள குழந்தைகள் வளரும், வெள்ளி மாலை முதல் சனி இரவு வரையான சப்பாத் ஓய்வுநாளையும் கோஷர் உணவு முறையையும் கடைப்பிடிக்கும் யூத வீடுகளுக்கானது. அண்மையில் ஆசாரத்துக்குத் திரும்பிய இளம் பெற்றோரும், இத்தகைய வீடுகளில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வரும் தமிழர்களும் ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் தடுமாறுகிறார்கள். அந்த இடங்களை மனத்தில் வைத்தே படிகளின் வரிசையை அமைத்திருக்கிறேன். நேரக் கணக்குகள் பெரும்பாலும் ஜெருசலேமுக்கு உரியவை. வேறு ஊரில் கணக்கு மாறும் இடத்தை அங்கங்கே குறிப்பிட்டிருக்கிறேன்.

காலை நேரம்தான் வீட்டில் அதிகக் கூச்சல் எழும் நேரம் என்பதால், பெரும்பாலோர் காலையைச் சீர்செய்வதிலிருந்து தொடங்குகிறார்கள். ஆனால் காலையில் எழும் அழுகையின் வேர் முந்தைய இரவில் இருக்கிறது. யூத முறைப்படி ஒரு நாள் சூரியன் மறையும்போதே தொடங்கிவிடுகிறது. வீட்டு ஒழுங்கையும் அதே வரிசையில் கட்டுவதுதான் எளிது. முதலில் இரவு, பிறகு காலை, பிறகு உணவு, கடைசியில் வெள்ளிக்கிழமை. ஒரு படி நிலைபெற்ற பிறகே அடுத்த படிக்குச் செல்ல வேண்டும். எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் மாற்ற முயன்ற வீடுகளில் எதுவும் நிலைத்து நான் பார்த்ததில்லை.

1. தொடங்குவதற்கு முன்: கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவையும் வாங்கி வைக்க வேண்டியவையும்

யூத வீடுகள் எல்லாவற்றிலும் ஒரே வழக்கம் இருப்பதில்லை. ஐரோப்பிய வழிவந்த அஷ்கெனாசிகளின் வழக்கம் வேறு, மொராக்கோ, ஈராக், ஏமன் வழிவந்தோரின் வழக்கம் வேறு. ஆகவே முதலில் நான்கு கேள்விகளுக்கு விடை பெற்று எழுதி வையுங்கள். இறைச்சி உண்ட பின் பால் பொருளுக்கு எவ்வளவு நேரம் காத்திருக்கும் குடும்பம் இது? எந்தச் சான்று முத்திரையுள்ள உணவுப் பொருளை ஏற்கிறார்கள்? சப்பாத் அன்று குழந்தை எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று கருதுகிறார்கள்? இரவுப் பிரார்த்தனையை எந்த மெட்டில் பாடுகிறார்கள்? விடை தெரியாத இடத்தில் அக்குடும்பம் வழக்கமாக ஆலோசனை கேட்கும் ரப்பியிடம், அதாவது யூத மதகுருவிடம், கேட்டுவிட வேண்டும். அக்கம்பக்கத்து வீட்டைப் பார்த்து முடிவெடுப்பது இந்த விஷயத்தில் அடிக்கடி நிகழும் பிழை.

கடைசிக் கேள்வி சிறியதாகத் தோன்றலாம். ஆனால் தாய் ஒரு மெட்டிலும் பாட்டி வேறொரு மெட்டிலும் பாடினால், மூன்று வயதுக் குழந்தைக்கு அவை இரண்டு வேறு பாடல்கள். தூக்கத்துக்கான அடையாளம் கலைந்துவிடுகிறது.

பொருள்களில் தேவையானவை சிலவே. இரண்டு கைப்பிடி உள்ள கை கழுவும் குவளை, குழந்தை ஏறி நின்று தொட்டியை எட்டுவதற்கான உறுதியான முக்காலி, வெளிச்சத்தை மூடித் திறக்கக்கூடிய சப்பாத் விளக்கு, மின்விளக்குகளைத் தானே இயக்கி நிறுத்தும் நேரக் கருவி, சப்பாத்துக்கென்றே ஒதுக்கிய பொம்மைகளை வைக்க மூடியுள்ள ஒரு பெட்டி ஆகியவை போதும். சுவரில் ஒட்டும் பட அட்டவணையை முதல் வாரத்திலேயே ஒட்ட வேண்டாம். பெரியவர்களுக்கே வரிசை பழகாத நிலையில், அட்டவணை குழந்தையைக் கண்டிப்பதற்கான கருவியாக மாறிவிடும்.

2. முதல் படி: இரவு

உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, 3, 4 வயதுக் குழந்தைகளுக்கு ஒரு நாளில் 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் வேண்டும். 1, 2 வயதினருக்கு 11 முதல் 14 மணி நேரம். இரண்டும் பகல் தூக்கத்தைச் சேர்த்த கணக்கு. காலை ஆறரைக்கு எழ வேண்டிய நான்கு வயதுக் குழந்தை இரவு ஏழரையை ஒட்டித் தூங்கினால்தான் கணக்கு சரியாக வரும். இந்த ஒரு நேரத்தை முதலில் உறுதிசெய்துகொண்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்.

ஜெருசலேமில் சூரியன் டிசம்பர் தொடக்கத்தில் மாலை நாலரை மணியை ஒட்டி மறைகிறது. ஜூன் இறுதியில் ஏழே முக்கால் மணியை ஒட்டி மறைகிறது. லண்டனில் இந்த இடைவெளி இன்னும் பெரிது: டிசம்பரில் நான்கு மணிக்கு முன்பே இருட்டத் தொடங்கும், ஜூனில் ஒன்பதேகாலுக்குப் பிறகும் வெளிச்சம் இருக்கும். ஆகவே இருட்டு வருவதைத் தூக்கத்துக்கான அடையாளமாகக் கொள்ள முடியாது. செயல்களின் வரிசையே அடையாளமாக வேண்டும். கனமான திரைச்சீலை ஒன்றை மாட்டிவிட்டு, வரிசையை ஆண்டு முழுவதும் மாற்றாமல் வைத்திருங்கள்.

வரிசை இது: இரவு உணவு, குளியல், இரவு உடை, பல் துலக்குதல், ஒரே ஒரு கதை, ஷெமா, விளக்கணைத்தல். உணவை முதலில் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. குளித்துப் படுக்கைக்குப் போன குழந்தை பசிக்கிறது என்று சொன்னால், யூத வீட்டில் அதை எளிதாகக் கடந்துவிட முடியாது. எந்த உணவாயினும் அதற்குரிய நன்றிமொழி, மதியம் இறைச்சி உண்டதா என்ற கேள்வி, மறுபடி பல் துலக்குவது என்று அரை மணி நேரம் போய்விடும்.

ஷெமா என்பது உபாகமம் 6ஆம் அதிகாரத்தில் உள்ள, கடவுள் ஒருவரே என்று அறிக்கையிடும் பகுதி. பேசத் தொடங்கும் குழந்தைக்கு அதன் முதல் வசனத்தைக் கற்றுத்தர வேண்டும் என்று பழைய யூதச் சட்ட விளக்க நூலான தல்மூதின் சுக்கா பகுதி சொல்கிறது. இரண்டு வயதில் அந்த ஒரு வசனம் போதும். வலக் கையால் கண்களை மூடிக்கொண்டு சொல்லும் வழக்கத்தைக் குழந்தைகள் விரைவில் பிடித்துக்கொள்வார்கள். கண்ணை மூடுவதே அவர்கள் உடலை அடங்கச் செய்கிறது. நான்கு வயதை ஒட்டி முதல் பத்தியையும், பிறகு ஹமலாக் ஹகோயேல் என்ற, யாக்கோபு தன் பேரப்பிள்ளைகளை ஆசீர்வதித்த வசனத்தையும் சேர்க்கலாம். சேர்ப்பதை மாதக் கணக்கில் செய்யுங்கள். ஒவ்வோர் இரவும் குழந்தை கேட்கிறதே என்று புதிய பாடலைக் கூட்டிக்கொண்டே போனால், சில வாரங்களில் படுக்கை நேரம் முக்கால் மணி நேரமாக நீண்டுவிடும். அதன் பிறகு குறைப்பது மிகவும் கடினம்.

இங்கே இரண்டு பிழைகளை அடிக்கடி பார்க்கிறேன். ஒன்று, ஷெமாவைத் தண்டனையாக்குவது. "சொல்லவில்லை என்றால் கதை கிடையாது" என்று ஒருமுறை சொல்லிவிட்டால், அதன் பிறகு அந்த வசனம் குழந்தைக்குப் பேரத்தின் ஒரு பகுதியாகிவிடுகிறது. குழந்தை சொல்ல மறுத்தால் பெரியவர் தாமே மெதுவாகச் சொல்லிவிட்டு விளக்கை அணைத்தால் போதும். இந்த வயதில் குழந்தைக்கு அது கடமை ஆகாது. கேட்டுப் பழகுவதே பயிற்சி.

மற்றொன்று, தந்தையின் மாலைப் பிரார்த்தனையைக் கணக்கில் கொள்ளாதது. மாலை நேரப் பிரார்த்தனைகள் சூரியன் மறைவதைச் சார்ந்தவை. குளிர்காலத்தில் அவை குழந்தையின் படுக்கை நேரத்துக்கு வெகு முன்பே முடிந்துவிடும். கோடையில் சரியாக அதே நேரத்தில் வந்து விழும். தந்தை கதையின் நடுவே எழுந்து ஜெபக்கூடத்துக்கு ஓடுவதும், குழந்தை தூங்கப்போகும் தருணத்தில் திரும்பி வந்து அதைத் தூக்கி விளையாடுவதும் அதனால்தான் நேர்கின்றன. ஒவ்வொரு பருவத்தின் தொடக்கத்திலும் இரவு வரிசையை யார் நடத்துவது என்று முடிவுசெய்து, அந்தப் பருவம் முழுவதும் அதை மாற்றாமல் இருங்கள்.

விளக்கணைத்த பின் பெரியவர் செய்ய வேண்டிய கடைசி வேலை, மறுநாள் காலைக்கான கை கழுவும் குவளையை நிரப்பி மூடி, உரிய இடத்தில் வைப்பது. கட்டிலருகே கிண்ணமும் நீரும் வைக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை அந்த அறையில் இருந்தால் அவ்வாறு வைக்க வேண்டாம். சிறிதளவு நீரும் அந்த வயதுக்கு ஆபத்தானது. குளியலறையில் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வைத்துவிட்டு, காலையில் பெரியவர் எடுத்துத் தரலாம்.

3. இரண்டாம் படி: காலை

இரவு வரிசை ஓரிரு வாரங்கள் தடையின்றி நடந்த பிறகே காலையைத் தொடுங்கள். போதுமான அளவு தூங்கிய குழந்தையிடம் செய்ய வேண்டியது உண்மையில் குறைவு.

எழுந்தவுடன் மோதே அனி. பெண் குழந்தைகள் மோதா அனி என்பார்கள். உயிரைத் திருப்பித் தந்ததற்கு நன்றி சொல்லும், எபிரேயத்தில் பன்னிரண்டே சொற்கள் கொண்ட வாக்கியம் அது. அதில் கடவுளின் பெயர் இடம்பெறாததால் கை கழுவுவதற்கு முன்பே சொல்லலாம். எனவே குழந்தை படுக்கையில் இருக்கும்போதே தொடங்கிவிட முடிகிறது. புதியவர்கள் இதை நின்றுகொண்டே அவசரமாகச் சொல்லச் செய்கிறார்கள். படுக்கை ஓரத்தில் உட்கார்ந்து குழந்தையின் முதுகில் கைவைத்துச் சொல்வதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. அதன் பிறகு குழந்தை தானே எழுந்து வருகிறது.

அடுத்தது கை கழுவுதல். பெரும்பாலான வீடுகளில் குவளையால் வலக்கையில் ஒருமுறை, இடக்கையில் ஒருமுறை என மாற்றி மாற்றி ஒவ்வொரு கைக்கும் மூன்று முறை ஊற்றுவார்கள். ரொட்டி உண்பதற்கு முன் கழுவும் முறை இதிலிருந்து வேறுபட்டது. அங்கே முதலில் வலக்கை முழுவதையும் முடித்துவிட்டு இடக்கைக்குப் போவார்கள். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வருவோர் இரண்டையும் குழப்பிக்கொண்டு குழந்தையைத் திருத்தப்போவதும், குழந்தை "அம்மா இப்படித்தான் செய்வார்" என்று அழுவதும் பல இடங்களில் நடக்கிறது. முதல் சில நாட்கள் தாய் செய்வதைப் பார்த்துக்கொள்வதே போதுமான பயிற்சி.

பிறகு உடை, அதன் பின்பே காலை உணவு. உணவு முன்னே வந்தால் உடை அணிவது கெஞ்சலாக மாறும். உடை முன்னே வந்தால் உணவு அதற்கான இயல்பான அடுத்த படியாகிவிடும். பல சமூகங்களில் ஆண் குழந்தைக்கு மூன்று வயதில் முதல் முடி வெட்டி, கிப்பா தொப்பியையும் குஞ்சம் தொங்கும் சீசித் உடையையும் அணிவிக்கத் தொடங்குகிறார்கள். புதிதாக அணியும் மாதத்தில் சீசித் கழுத்தில் அரிப்பதாகக் குழந்தை சொன்னால் அதை அடமென்று எண்ண வேண்டாம். மெல்லிய பருத்தித் துணியில் தைத்ததை வாங்கி உள்ளே ஒரு பனியன் போட்டுவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

வாரநாள் காலையில் ரொட்டியைத் தவிர்ப்பது நல்லது என்பது என் கருத்து. ரொட்டி என்றால் முறைப்படி கை கழுவுதல், அதன் நன்றிமொழி, உண்ட பின் பிர்கத் ஹமசோன் என்ற நீண்ட நன்றிப் பிரார்த்தனை என்று நேரம் கூடுகிறது. ஓட்ஸ் கஞ்சிக்கு இவ்வளவு நீளமான நடைமுறை இல்லை. நேரமில்லாத வேளையில் நீண்ட பிரார்த்தனையை விழுங்கி விழுங்கிச் சொல்லக் குழந்தை பழகுவதைவிட, குறுகிய ஒன்றைத் தெளிவாகச் சொல்லப் பழகுவது மேல்.

4. மூன்றாம் படி: உணவும் அதன் நன்றிமொழிகளும்

உண்பதற்கு முன் சொல்லும் நன்றிமொழியை பிராஹா என்பார்கள். ரொட்டிக்கு ஒன்று, மற்றத் தானிய உணவுக்கு ஒன்று, திராட்சை இரசத்துக்கு ஒன்று, மரத்தில் காய்ப்பதற்கு ஒன்று, நிலத்தில் விளைவதற்கு ஒன்று, மற்ற அனைத்துக்கும் ஒன்று என ஆறு வகை உண்டு. வாழைப்பழம் மரத்து வகையில் சேராது, நில வகையில் சேரும். பெரியவர்களே அடிக்கடி தவறும் இடம் இது.

ஆறையும் சேர்த்துக் கற்பிக்கக் கூடாது. குழந்தை தினமும் விரும்பி உண்ணும் ஒரு பண்டத்தைத் தேர்ந்து, அதற்குரிய ஒன்றை மட்டும் ஒவ்வொரு நாளும் சேர்ந்து சொல்லுங்கள். அது தானாக வாயில் வந்த பிறகு அடுத்தது. பசியோடு உட்கார்ந்திருக்கும் குழந்தையிடம் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு "இதற்கு எந்த பிராஹா?" என்று தேர்வு வைப்பதுதான் இங்கே மிகப் பெரிய பிழை. தட்டை முதலில் மேசையில் வைத்துவிடுங்கள். பிறகு நீங்கள் சொல்லுங்கள், குழந்தை கூடவே சொல்லட்டும், மற்றவர்கள் ஆமென் சொல்லட்டும். பார்த்துக்கொள்பவர் யூதரல்லாதவர் என்றால், அந்த வார்த்தைகளைப் பெற்றோர் குரலில் கேட்டுப் பழகிய மூத்த குழந்தையையே முன்னின்று சொல்லச் சொல்லலாம்.

இறைச்சிக்கும் பாலுக்கும் இடையிலான பிரிவினைதான் நாளின் நேர அமைப்பை உள்ளுக்குள் தீர்மானிக்கிறது. இறைச்சி உண்டபின் பல குடும்பங்கள் ஆறு மணி நேரம் காத்திருக்கின்றன. ஜெர்மன் வழிவந்தோரிடம் மூன்று மணி நேரம், டச்சு வழிவந்தோரிடம் ஒரு மணி நேரம் என்ற வழக்கங்களும் உண்டு. மிகச் சிறு குழந்தைகளுக்குத் தளர்வு தருவதும் வயது ஏற ஏற நேரத்தைக் கூட்டுவதும் பரவலான நடைமுறை; அளவை ரப்பியிடம் கேட்டு, தொடக்கத்தில் நான்கு விடைகளை எழுதிய தாளிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

இஸ்ரேலில் மதிய உணவே முக்கிய உணவு, பெரும்பாலும் இறைச்சி. இரவு உணவு ஆம்லெட், வெண்பாலாடைக்கட்டி, நறுக்கிய காய்கறி, ரொட்டி என்று இலேசாக இருக்கும். இந்த அமைப்பு குழந்தைகளுக்கு நன்கு ஒத்துவருகிறது. நடுவில் வரும் மாலைச் சிற்றுண்டிதான் சிக்கல். பாலும் இறைச்சியும் கலவாத பர்வே வகைப் பண்டங்களை, அதாவது பழம், பர்வே முத்திரையுள்ள பிஸ்கட் போன்றவற்றை, குழந்தைக்கு எட்டும் ஒரே தட்டில் மட்டும் வைத்தால் "ஐஸ்கிரீம் வேண்டும்", "இப்போது கூடாது" என்ற சண்டைக்கு இடமே இராது. கூடாத பொருள் கண்ணில் படாமல் இருந்தாலே சண்டையில் பாதி தீர்ந்துவிடும்.

பார்த்துக்கொள்ள வருவோருக்கு ஒரு சொல். நம் வீட்டில் அன்போடு செய்து எடுத்துச்சென்ற இட்லியானாலும் முறுக்கானாலும் அக்குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது. எந்தப் பாத்திரத்தில் சமைத்தது என்பதும் கோஷரில் அடங்கும். பெற்றோரின் நம்பிக்கை ஒரே நாளில் போய்விடக்கூடிய இடம் இது. பால் பொருளுக்கும் இறைச்சிக்கும் பாத்திரம் மட்டுமன்றித் தேய்க்கும் பஞ்சும் தனித்தனி என்பதையும் முதல் நாளிலேயே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.

5. பிற்பகல் ஓய்வு

இஸ்ரேலில் பிற்பகல் 2 முதல் 4 மணி வரை குடியிருப்புகளில் அமைதி காப்பது பழைய வழக்கம். வீட்டிலும் அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். சிறியவர்கள் தூங்கட்டும், மூத்த குழந்தைகள் படுக்கையில் படப் புத்தகத்தோடு இருக்கட்டும். மூன்றரை மணிக்கு மேல் தூங்கவிட வேண்டாம். இரவு வரிசை குலையும்.

6. நான்காம் படி: வெள்ளிக்கிழமை

வாரத்தின் கடினமான நாள் இதுதான். சப்பாத் தொடங்கிய பின் தீ மூட்டுவது, சமைப்பது, மின்சாரத்தை இயக்குவது எல்லாம் நின்றுவிடும் என்பதால், ஒரு முடிவு நேரம் வீட்டை நெருக்கிக்கொண்டே வருகிறது. உலகின் பெரும்பாலான ஊர்களில் சூரியன் மறைவதற்கு 18 நிமிடங்களுக்கு முன் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். ஜெருசலேமில் 40 நிமிடங்களுக்கு முன். டிசம்பரில் அது மாலை நான்கு மணியை ஒட்டி வந்துவிடும்.

சப்பாத் நெருங்கும் மாலையில் வீட்டாரிடம் மூன்று காரியங்களைக் கேட்க வேண்டும் என்று பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா விதிக்கிறது: தசமபாகம் பிரித்தாயிற்றா, ஏரூவ் (சப்பாத்தில் பொருள்களை எடுத்துச்செல்ல முன்கூட்டியே செய்யும் ஏற்பாடு) வைத்தாயிற்றா, விளக்கை ஏற்றுங்கள் என்பவை அவை. அதற்கு விளக்கம் தரும் தல்மூத், அவற்றைச் சாந்தமாகச் சொல்ல வேண்டும், அப்போதுதான் வீட்டார் ஏற்பார்கள் என்கிறது. நேர நெருக்கடியில் எழும் கூச்சல் அந்தக் காலத்திலேயே அறியப்பட்ட ஒன்று. ஆனால் சாந்தமாகப் பேச வேண்டும் என்று மனத்தில் உறுதி எடுத்துக்கொள்வதால் மட்டும் பயனில்லை. வேலை மிச்சமிருக்கும்வரை குரல் உயரத்தான் செய்யும். எனவே வேலையை முன்னே தள்ள வேண்டும்.

முதலில், வியாழன் இரவே குழந்தைகளின் சப்பாத் உடை, காலுறை, காலணி வரை எடுத்து ஒரே இடத்தில் வையுங்கள். காணாமற்போன ஒரு காலுறையைத் தேடுவதில்தான் பல வீடுகளின் வெள்ளி மாலை வீணாகிறது. சமையலில் பாதியையாவது அன்றே முடித்துவிடுங்கள்.

அடுத்து, வீட்டுக்கென ஒரு முடிவு நேரத்தை, உண்மையான மெழுகுவர்த்தி நேரத்துக்கு அரை மணி முன்பாக வைத்துக்கொள்ளுங்கள். நான்கு மணிக்கு ஏற்றுவதானால் மூன்றரைக்கு எல்லாம் முடிந்திருக்க வேண்டும். பாலர் பள்ளி வெள்ளியன்று நண்பகலை ஒட்டி முடிந்துவிடும். வந்தவுடன் இலேசான உணவு, ஒரு மணி முதல் இரண்டு மணி வரை கட்டாய ஓய்வு, இரண்டு மணிக்குக் குளியல், பிறகு உடை, மூன்று மணிக்கு வயிறு நிறையும் அளவு சிற்றுண்டி என்று போகலாம். ஓய்வை இழந்த குழந்தையால் இரவு மேசையில் உட்கார முடியாது. குளியலைக் கடைசிக்குத் தள்ளினால் ஈரத் தலையோடு சப்பாத் வந்துவிடும்.

மூன்றாவதாக, கடைசி அரை மணிக்கான சிறு வேலைகளைக் குழந்தைகளிடம் தாருங்கள். பாட்டுப் பாடும், மின்கலத்தில் ஓடும் பொம்மைகளைத் திரட்டி வேறொரு பெட்டியில் போட்டு மூடுவது ஒருவருக்கு. கழிப்பறைக்கான தாள்களை முன்கூட்டியே கிழித்து வைப்பது இன்னொருவருக்கு. செதாக்கா எனும் தர்ம உண்டியலில் நாணயம் போடுவது எல்லாருக்கும். நாணயத்தைக் கடைசியில் வைப்பதற்குக் காரணம், சப்பாத் தொடங்கிவிட்டால் பணத்தைத் தொட மாட்டார்கள் என்பதே; அந்தச் செயலே குழந்தைக்கு "இனி வேலை நின்றது" என்று சொல்லிவிடுகிறது.

பெரியவர் சரிபார்க்க வேண்டியவை தனி. குழந்தைகள் அறையின் இரவு விளக்கு எரிகிறதா, நேரக் கருவி சரியாக அமைந்திருக்கிறதா, உணவைச் சூடாக வைக்கும் தட்டு குழந்தைக்கு எட்டாமல் இருக்கிறதா, குழந்தையின் மருந்து எளிதில் எடுக்கும் இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ஏற்றிய பின் மெழுகுவர்த்தியை நகர்த்த முடியாது என்பதால், திரைச்சீலைக்கும் மேசைவிரிப்புக்கும் தொலைவில், உயரமான இடத்தில் முன்பே வைத்துவிட வேண்டும். உயிருக்கு ஆபத்து என்று வந்தால் சப்பாத் விதிகள் விலகிக்கொள்ளும்; தொலைபேசியை எடுப்பதும், தீயை அணைப்பதும், மருத்துவமனைக்கு வண்டியில் போவதும் அப்போது கடமையாகும். குழந்தையைப் பார்த்துக்கொள்பவருக்கு இதைப் பெற்றோர் தெளிவாகச் சொல்லிவைக்க வேண்டும். இதைச் சொல்லாமல் விடுவதை நான் மன்னிக்க முடியாத கவனக்குறைவாகவே கருதுகிறேன்.

இடையில் குழந்தையை அடக்க "இரவு உனக்கு இனிப்பு தருவேன்" என்று சொன்னால், அந்த இனிப்பு வீட்டில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சப்பாத் தொடங்கிய பின் கடைக்குப் போக முடியாது. குழந்தைக்கு ஒன்றைத் தருவதாகச் சொல்லிவிட்டுத் தராமல் இருக்கக் கூடாது, அது அதற்குப் பொய்யைக் கற்றுத்தருவதாகும் என்று தல்மூதில் ரப்பி செயிரா சொல்லியிருக்கிறார்.

7. வெள்ளி இரவு மேசை

பெரியவர்கள் திராட்சை இரசத்தின் மேல் சொல்லும் சப்பாத் பிரார்த்தனையான கித்தூஷைச் சொல்லும்வரை உண்ண மாட்டார்கள்; சிறு குழந்தைகளுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆகவே பசியோடு காத்திருக்க வைக்காமல் மெழுகுவர்த்தி ஏற்றியவுடன் அவர்களுக்குச் சூப்பும் சிறிது கோழியும் கொடுத்துவிடலாம். பிறகு மேசையில் அவர்கள் உட்காருவது பாடலுக்கும், ஹல்லா ரொட்டிக்கும், ஆசீர்வாதத்துக்கும்.

தந்தையோ தாயோ குழந்தையின் தலையில் கைவைத்து, மகனை எப்ராயீமையும் மனாசேயையும் போலவும், மகளை சாராள், ரெபேக்காள், ராகேல், லேயாள் ஆகியோரைப் போலவும் ஆக்கும்படி வாழ்த்துவது இந்த இரவின் முக்கியப் பகுதி. ஜெபக்கூடத்திலிருந்து வந்த பின் செய்யும் வழக்கமுள்ள வீட்டில், அதற்குள் குழந்தை தூங்கிவிடும் என்று தெரிந்தால் முன்னதாகவே செய்துவிடுங்கள். தூக்கக் கலக்கத்தில் அழும் குழந்தையை எழுப்பி நிறுத்த வேண்டியதில்லை.

ரொட்டிக்காகக் கை கழுவியதற்கும் ரொட்டி உண்பதற்கும் இடையில் பெரியவர்கள் பேச மாட்டார்கள். இந்த மௌனம் குழந்தையைக் கலவரப்படுத்தும். அழைத்தால் தாய் பதில் சொல்லவில்லையே என்று அழத் தொடங்கும். குழந்தைகளைக் கடைசியாகக் கழுவச் செய்து ஹல்லாவை உடனே வெட்டிவிட்டால் மௌனம் சில நொடிகளில் முடியும்.

கோடையில் நேரம் எதிர்ப்பக்கம் இழுக்கும். ஜெருசலேமில் மெழுகுவர்த்தி ஏற்றுவதே ஏழு மணியை ஒட்டித்தான். லண்டனில் ஒன்பது மணி ஆகலாம். பல சமூகங்கள் கோடையில் சப்பாத்தை முன்கூட்டியே ஏற்றுக்கொள்கின்றன. அது இயலாத வீட்டில் குழந்தைகளுக்கு ஆறு மணிக்கே வெள்ளை விரிப்பு விரித்து ஹல்லாவோடு உணவு தந்து, பாடி, வழக்கமான நேரத்தில் தூங்கவையுங்கள். விழாவுக்காகத் தூக்கத்தைப் பலிகொடுத்தால் அதன் விலையைச் சனிக்கிழமை முழுவதும் வீடு செலுத்தும்.

8. சப்பாத் பகல்

குழந்தைகள் வழக்கம்போல விடியலிலேயே எழுவார்கள். பெரியவர்களோ ஓய்வை எதிர்பார்ப்பார்கள். முதல் நாள் இரவே சப்பாத் பொம்மைப் பெட்டியையும் மூடிய கிண்ணத்தில் உலர்ந்த சிற்றுண்டியையும் குழந்தைக்கு எட்டும் இடத்தில் வைத்துவிடுங்கள். இந்தப் பெட்டி வாரநாட்களில் திறக்கவே கூடாது. அபூர்வமாகக் கிடைப்பதால்தான் அது ஒரு மணி நேரம் குழந்தையை ஈர்த்து வைத்திருக்கிறது.

வரைதல், கத்தரித்தல், களிமண் பிடித்தல் ஆகியவற்றை இந்த நாளில் செய்வதில்லை. இணைத்துக் கட்டும் பொம்மைகளைப் பற்றிக் குடும்பத்துக்குக் குடும்பம் கருத்து மாறும்; கேட்டுத்தான் வைக்க வேண்டும். "கூடாது" என்று பத்து முறை சொல்வதற்குப் பதிலாக வண்ணப் பென்சில்களை வெள்ளி மாலையே கண்ணில் படாத இடத்தில் வைத்துவிடுங்கள்.

குழந்தை வண்டியைத் தெருவில் தள்ளிச்செல்வதும் ஏரூவ் என்ற, கம்பி கட்டிக் குறித்த எல்லைக்குள் மட்டுமே அனுமதிக்கப்படுகிறது. ஜெருசலேமில் அந்த எல்லை உண்டு. வேறு ஊரில் இருந்தால், அந்த வாரம் எல்லை அறுபடாமல் இருக்கிறதா என்று வெள்ளியன்றே விசாரித்துக்கொண்டு பூங்காத் திட்டத்தை முடிவுசெய்யுங்கள்.

சப்பாத் முடிவில் ஹவ்தாலா: திராட்சை இரசம், நறுமணப் பொருள், பல திரிகள் சேர்ந்த மெழுகுவர்த்தி. குளிர்காலத்தில் குழந்தைகள் விழித்திருப்பார்கள். நறுமணப் பெட்டியை அவர்களிடம் கொடுங்கள், சுடரைப் பெரியவர் பிடித்துக்கொள்ளட்டும். கோடையில் அவர்கள் தூங்கிய பிறகே அது வரும், அதற்காக எழுப்ப வேண்டாம்.

9. பண்டிகைகளும் நேர மாற்றமும் வந்துபோன பின்

எவ்வளவு கவனமாகக் கட்டிய ஒழுங்கும் செப்டம்பர், அக்டோபரில் வரும் திஷ்ரி மாதத்தில் குலையும். புத்தாண்டு, பாவமன்னிப்பு நாளான யோம் கிப்பூர், கூடாரப் பண்டிகையான சுக்கோத், தோரா வாசிப்பு நிறைவைக் கொண்டாடும் சிம்ஹத் தோரா என்று அடுத்தடுத்து வரும். சுக்கோத் வாரம் பாலர் பள்ளியும் இராது. யோம் கிப்பூரில் பெரியவர்கள் ஏறக்குறைய 25 மணி நேரம் உண்ணாதிருப்பார்கள், குழந்தைகள் உண்பார்கள். ஒவ்வொரு வேளைக்கும் உரிய உணவைத் தனித்தனிப் பெட்டியில் முன்னரே எடுத்துவைத்தால், களைத்த பெற்றோர் அடுக்களையில் நிற்க வேண்டியிராது.

பஸ்கா இரவின் சேதர் விருந்து இருட்டிய பிறகே தொடங்குவதால், அன்று மட்டும் பிற்பகல் தூக்கத்தை மாலைவரை நீட்டலாம். குழந்தைகள் தூங்கிவிடாமல் கேள்வி கேட்பதற்காக ரப்பி அகிவா வறுத்த தானியமும் கொட்டைகளும் பங்கிட்டார் என்று தல்மூத் கூறுகிறது. கொட்டைகள் நான்கு வயதுக்குட்பட்டோரின் தொண்டையில் சிக்கக்கூடும். அவர்களுக்கு வேறு ஏதாவது தாருங்கள்.

இஸ்ரேலில் கோடை நேரம் மார்ச் மாதத்தின் கடைசி ஞாயிறுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை தொடங்குகிறது. நெருக்கடி மிகுந்த நாளிலேயே ஒரு மணி நேரம் பறிபோகிறது. அந்த வாரத்தின் திங்கள் முதல் ஒவ்வோர் இரவும் பதினைந்து நிமிடம் முன்னதாகப் படுக்க வைத்தால் வியாழனுக்குள் கணக்கு நேராகிவிடும்.

பண்டிகை முடிந்து ஒழுங்கை மீட்கும்போது, கட்டிய அதே வரிசையில் மீளுங்கள். முதல் மூன்று, நான்கு நாட்களுக்கு இரவு வரிசையை மட்டும் பிடியுங்கள்; காலையில் தாமதமானாலும், பிராஹாவைக் குழந்தை மறந்தாலும் அவற்றைக் கிளற வேண்டாம். படுக்கைக்குப் போவதில் அழுகை நின்ற பிறகு காலையையும், பிறகு உணவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இடையில் ஒரு வெள்ளிக்கிழமை வந்துவிட்டால், அந்த வாரம் குழந்தைகளுக்கு வேறு சிறு வேலைகள் எதையும் தராமல் பொம்மைப் பெட்டியை மூடுவதையும் உண்டியல் நாணயத்தையும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.